பாதிப் பெட்டி

நரின்,
15 மே 2011

அன்புள்ள கூல்ஷாராவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீயாக எழுதி எனக்குத் தெரியப்போவதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் "ம்", "ம்" என்று கொட்டுகிறாய். அந்த "ம்"முக்கு எல்லை தாண்டிக் காசு கட்ட என்னால் ஆகாது. அதனால் பழைய வழக்கப்படி அல்மாத்தி பஸ் ஓட்டுநர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பை குருத் உருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன். நல்ல காய்ந்த தயிர், நல்ல உப்பு. கடிக்காமல் சப்பிச் சாப்பிடு. போன வருடம் பல் உடைந்ததற்கு இன்னும் என்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

கடைசிச் சுற்று முடிந்தது. பதினாறு ஊர்க் குழந்தைகளின் ரத்த அளவும் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். எட்டு ஊர்களில் இரும்புச்சத்துப் பொடி கொடுத்தோம். மற்ற எட்டு ஊர்களில் ஒன்றும் கொடுக்காமல் விரலில் மட்டும் குத்திவிட்டு வந்தோம். "குத்துற அக்கா வந்துட்டா, பிள்ளையத் தூக்கு!" என்று என் வண்டியைக் கண்டதும் சத்தம் போடுகிறார்கள். நீ அந்த ஊர்களுக்கு "ஒப்பீட்டு ஊர்" என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறாய். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரை எழுத முடியாது.

பொடி போன ஊர்களில் குழந்தைகள் கன்னம் சிவந்து ஓடுகின்றன. என் கண் பொய் சொல்லாது. செப்டம்பரில் ஏரிக்கரை மாநாட்டில் நீ மேடையில் நின்று அதைச் சொல்ல வேண்டும், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நிதி தருகிறவர்கள் வருவார்களாம். இன்னும் மூன்று வருடத்துக்குப் பொடி உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும் என்கிறார்கள்.

இந்த வருடமும் ஒரே அறைதானே? ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு. நீ என்னைவிட நான்கு மாதம் மூத்தவள் என்ற ஒரே காரணத்துக்காக இத்தனை மாநாடும் ஏரியைப் பார்த்துப் படுத்தாய், நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். போதும். என் சாம்பல் நிறச் சால்வையையும் கொண்டு வா. மறந்து எடுத்துப் போய்விட்டேன் என்று சொல்லாதே, அதை நீ மடித்துப் பெட்டியில் வைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன்,
உல்ஜான்


அல்மாத்தி,
9 ஜூன் 2011

அன்புள்ள உல்ஜான்,

குருத் வந்தது. பல் பத்திரம். சால்வையும் பத்திரம்.

இந்தக் கடிதத்தைத் தேநீர் குடித்துவிட்டுப் படி. நின்றுகொண்டு படிக்காதே.

வித்தியாசம் இல்லை. பொடி கொடுத்த ஊர்க் குழந்தைகளின் ரத்தம் தேறியிருக்கிறது, நீ சொன்னது உண்மை. ஆனால் கொடுக்காத ஊர்களிலும் அதே அளவு தேறியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மயிரிழைகூட இடைவெளி இல்லை. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு என் மாணவன் ஒருவனிடம் ஊர்ப் பெயர்களை மறைத்துக் கொடுத்துப் போடச் சொன்னேன். அவனுக்கும் அதுதான் வந்தது.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் சொல்ல முடியும். குழந்தைகள் தேறியது பொடியால் அல்ல. மழை நன்றாகப் பெய்திருக்கலாம், மாடுகள் நன்றாகக் கறந்திருக்கலாம், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பணம் அனுப்பியிருக்கலாம். பொடி இல்லாமலே இது நடந்திருக்கும்.

இதே முடிவை எழுதி அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தை மாநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் காலை, பெரிய அரங்கம். ஹெல்கா அம்மையார் நேரில் வருகிறார். பணம் கொடுக்கும் அமைப்பில் கடைசிக் கையெழுத்து அவருடையதுதான்.

எனக்கு வருத்தமாக இருக்கிறது, உல்ஜான். நீ மூன்று குளிர்காலம் அந்த மலைப்பாதையில் போய் வந்தாய். இப்படி ஒரு பதிலை உனக்கு எழுத வேண்டிவரும் என்று நான் நினைக்கவே இல்லை.

கூல்ஷாரா


நரின்,
20 ஜூன் 2011

கூல்ஷாரா,

மழையாம்! மழை நன்றாகப் பெய்ததாம்! அல்மாத்தியில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மாடு எவ்வளவு கறந்தது என்று எனக்குச் சொல்கிறாய். இரண்டு வருடம் முன்னால் இங்கே வந்த குளிரில் செத்த மாடுகளை நீ பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய்.

மாநாட்டில் ஒவ்வொருவனும் கடைசியில் "நாங்கள் கற்ற பாடங்கள்" என்று ஒரு பக்கம் காட்டிவிட்டு இறங்குகிறானே, அதைப் பார்த்து நாம் இருவரும் முக்காட்டுக்குள் சிரித்திருக்கிறோம். இந்த முறை நீயும் அப்படி ஒன்றைக் காட்டிவிட்டு இறங்கிவிடுவாய். எல்லாரும் கைதட்டுவார்கள், காபி குடிக்கப் போவார்கள். ஜனவரியிலிருந்து பொடிப் பெட்டி வராது. அதைத் தாய்மாரிடம் சொல்ல மலை ஏற வேண்டியவள் நான்.

எதுவோ தப்பாக இருக்கிறது. என் கண்ணும் சரி, உன் கணக்கும் சரி என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நான் திரும்பவும் மேலே போகிறேன். அதுவரை ஒன்றும் எழுதாதே.

உல்ஜான்


நரின்,
12 ஜூலை 2011

அன்புள்ள கூல்ஷாரா,

கோபத்தில் எழுதியதை மறந்துவிடு. இதை நீ உட்கார்ந்தே படி. படித்ததும் யாரிடமும் சொல்லாதே.

ஒப்பீட்டு ஊர்க்காரர்கள் இப்போது மந்தையோடு மேய்ச்சல் மேட்டில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஊசி, டப்பா, காகிதம் எதுவும் எடுக்காமல் வெறுங்கையோடு போனேன். பாக்திகுல் என்று ஒரு சின்னப் பெண், இரண்டாவது பிள்ளைக்காரி, கூடாரத்துக்குள் கூப்பிட்டாள். புளித்த குதிரைப் பால் குமிஸ் ஊற்றிக் கொடுத்தாள், ரொட்டி பிட்டு வைத்தாள். சாய்ந்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், கூடாரத்தின் மரப் பின்னலில் ஒரு துணிப்பை தொங்குகிறது. வாய் பிரிந்திருந்தது. உள்ளே நம் பொடிப் பொட்டலங்கள், மஞ்சள் சூரியன் போட்டவை.

"இது ஏதுடி உனக்கு?" என்றேன்.

அவளுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. "எது அக்கா?"

"நான் கண்ணாடி போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"...அம்மா வீட்லேருந்து வந்துச்சு."

"அம்மா வீடு எது?"

கீழே ஆற்றோர ஊரின் பெயரைச் சொன்னாள். பொடி கொடுக்கும் ஊர்.

"எத்தனை நாளா வருது?"

"முதல்லேருந்தே வருதுக்கா. அண்ணன் பிள்ளைக்குப் பெட்டி குடுப்பாங்க இல்ல, அம்மா அதப் பாதியாப் பிரிச்சு, பாதிய எனக்கு அனுப்பிடும். எனக்கு மட்டுமா? அந்தக் கூடாரத்துக்காரிக்கும் வருது, மேல் கூடாரத்துல ரெண்டு பேருக்கும் வருது. எல்லாருக்கும் அம்மா வீடு கீழதானேக்கா. நீங்க நர்ஸம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் குடுப்போம்னு அம்மா கையெழுத்துப் போட்டிருக்கு. தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்க."

ரொட்டியின் மேல் கை வைத்து, சொல்ல மாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கூல்ஷாரா, நாம் எப்பேர்ப்பட்ட முட்டாள்கள்! ஏழு தலைமுறைக்குள் பெண் எடுக்க மாட்டோம் என்று உன் ஆட்களும் சொல்கிறார்கள், என் ஆட்களும் சொல்கிறார்கள். ஓர் ஊர் முழுக்கப் பங்காளிகள் என்றால் பெண்ணை எங்கே கொடுப்பார்கள்? அடுத்த பள்ளத்தாக்கில் கொடுப்பார்கள். நாம் ஒப்பீட்டுக்கு எதைத் தேர்ந்தெடுத்தோம்? அதே மலை, அதே பனி, அதே மாதிரிப் பள்ளிக்கூடம் என்று பார்த்துப் பார்த்து அடுத்த பள்ளத்தாக்கைத்தான் தேர்ந்தெடுத்தோம். பொடியை எட்டு ஊர்களில் கொடுத்துவிட்டு, அந்த எட்டு ஊர்களின் மகள்கள் வாழும் வீடுகளில் போய் "உங்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லையே, ரத்தம் எப்படி இருக்கிறது?" என்று குத்திக்கொண்டிருந்தோம். இங்கே பாதி, அங்கே பாதி. உன் கணக்கில் இடைவெளி எப்படி வரும்?

இறங்கும் வழியில் பாக்திகுலின் அம்மாவையும் பார்த்தேன். திட்டலாம் என்றுதான் போனேன். அவள் மாவு பிசைந்த கையோடு என்னையே மடக்கினாள்: "மகன் பிள்ளைக்கு ஊட்டிட்டு மக பிள்ளையப் பட்டினி போடவா? ரெண்டும் என் ரத்தம்தானே? நீயும் ஒரு வீட்டுல பொறந்தவதானே, நீயே சொல்லு."

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்றால், அந்தக் கட்டுரையைப் படிக்காதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. காரணத்தைச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் இந்தப் பெண்களின் பெயர் அடிபடும்.

உன்,
உல்ஜான்


அல்மாத்தி,
21 ஜூலை 2011

அன்புள்ள உல்ஜான்,

உன் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ சொல்வதை நம்புகிறேன். என் தாத்தாவின் தாத்தா பெயர் வரை எனக்கு மனப்பாடம், ஆனால் ஊர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டபோது அதெல்லாம் தலையில் ஏறவில்லை. பட்டணத்துப் பெண் என்று நீ திட்டலாம்.

ஆனால் நான் நம்புவதை வைத்து மேடையேற முடியாது. ஒரு மேட்டில் நான்கு கூடாரம் பார்த்திருக்கிறாய். மற்ற ஊர்களிலும் இப்படித்தானா? உடம்பு சரியில்லை என்று நான் படுத்துக்கொண்டால், சுருக்கத்தில் இருப்பதுதான் முடிவு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பொடி ஜனவரியில் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டால் பொடி போய்விடும், திறந்தால் பெண்கள் மாட்டுவார்கள். இதுதான் நம் நிலைமை.

ஒரு வழி தோன்றுகிறது. பொடியைப் பற்றிப் பேசவே பேசாதே. நாம் ரத்தம் எடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போ. ஒப்பீட்டு ஊரில் மருமகளிடம் "உன் தாய்வீடு எது?" என்று மட்டும் கேள். பொடி ஊரில் மாமியாரிடம் "பெண்களை எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேள். இதைக் கேட்காத ஆள் நம் நாடுகளில் உண்டா? யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தாய்வீடு பொடி ஊராக இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம். நீ சொல்வது சரி என்றால் அது எண்ணில் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்று. உன்னை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். போகும்போது உன் பையில் பெட்டி இருக்கும். யார் எப்படி இருந்தாலும் ஒப்பீட்டு ஊரில் ஒரு பொட்டலம்கூடக் கொடுக்காதே. நம் கையாலேயே கொடுத்தோம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

உன்,
கூல்ஷாரா


நரின்,
17 ஆகஸ்ட் 2011

கூல்ஷாரா,

நீ கேட்டது இதனோடு இருக்கிறது. பதினாறு ஊர், எல்லா வீடும்.

ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. "தாய்வீடு எது?" என்று ஒரு வரி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பதில் வருகிறது. அண்ணி குணம், அப்பா விற்ற குதிரை, கல்யாணத்தில் வராமல் போன ஆட்டுக்கால் வரைக்கும் சொல்கிறார்கள். மூன்று வருடம் விரலில் குத்தி நான் கேட்டறியாததையெல்லாம் இந்த ஒரு கேள்வியில் கொட்டினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா, இத்தனை நாளும் எங்க பிள்ளைங்களோட ரத்தத்த மட்டும் கேட்டீங்க, எங்களக் கேக்கவே இல்லையே" என்றாள்.

கடைசி நாள், மேல்கோடி ஊரில் மிர்குல் என்று ஒரு பெண். புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். பையன் பெக்தூருக்கு இன்னும் ஒன்றரை வயது ஆகவில்லை. வெளுத்த காகிதம் மாதிரி இருந்தான். மடியிலிருந்து இறங்கவே இல்லை, ஈ உட்கார்ந்தால் தட்டிவிடவும் கை தூக்கவில்லை.

"உன் தாய்வீடு எதும்மா?"

"தூரத்துல ஓஷ் பக்கம் அக்கா. இப்ப அங்க யாரும் இல்ல. அம்மாவும் மாஸ்கோவுலதான் பாத்திரம் கழுவுது."

"இங்க உனக்கு யாரும் அனுப்ப மாட்டாங்களா, ஏதாவது?"

"யாரு அனுப்புவா? எல்லாருக்கும் அம்மா வீட்லேருந்து பை வரும். நான் இப்படி வாசல்ல நின்னு பாப்பேன்."

என் பையில் முழுப் பெட்டி ஒன்று இருந்தது. வண்டிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். ஓட்டுநர், "என்னக்கா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டான். கொடுக்கவில்லை. நீ சொன்னபடி கொடுக்காமல் வந்தேன். நர்ஸம்மாவிடம் சொல்லி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதச் சொன்னேன். அது நரினுக்குப் போகிற சீட்டு. மிர்குலிடம் வண்டிக் காசு கிடையாது என்று எனக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். என் காசை நீட்டினேன், "மாமனார் திட்டுவாரு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அன்று உன்னை வெறுத்தேன். இன்னும் முழுக்கப் போகவில்லை.

உன் எண்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. அரங்கத்தில் ஒரு பெண்ணின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ உன் வாயிலிருந்து வந்தால், அதன் பிறகு எனக்கு எழுதாதே. நான் ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

உல்ஜான்


அல்மாத்தி,
30 ஆகஸ்ட் 2011

அன்புள்ள உல்ஜான்,

நீ சொன்னதுதான் சரி. ஒப்பீட்டு ஊர்களில் தாய்வீடு பொடி ஊராக இருக்கும் பெண்களின் குழந்தைகள் தேறியிருக்கின்றன. தாய்வீடு வேறு எங்கோ இருப்பவர்களின் குழந்தைகள் மூன்று வருடம் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. பொடி ஊர்களில் பெண்ணை வெளியே கொடுக்காத வீடுகளில்தான் குழந்தைகள் எல்லாரையும்விட நன்றாக இருக்கின்றன. மழையும் மாடும் தாய்வீடு பார்த்துப் பெய்யவும் கறக்கவும் செய்யாது. அந்த வரிக்காக மன்னித்துவிடு.

மிர்குலின் பையன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று தேடிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தான்.

மாநாட்டுக்கு வா, உல்ஜான். ஒரே அறைக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் அங்கே வந்து திட்டு. நீ முன்வரிசையில் இல்லாமல் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்,
கூல்ஷாரா


ஏரிக்கரை, மாநாட்டு விடுதி,
22 செப்டம்பர் 2011

அன்புள்ள உல்ஜான்,

நீ வரவில்லை. பதிலும் எழுதவில்லை. பதிவு மேசையில் உன் பெயர் அட்டையும் துணிப்பையும் கிடந்தன. நான் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வருடப் பை போன வருடத்தைவிட மோசம், கைப்பிடி இப்போதே பிய்ந்துவிட்டது. உன் அட்டையில் உன் பெயரை இந்த முறையாவது சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

சுவர்ப் பக்கக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் பக்கக் கட்டிலை யாரும் தொடவில்லை, உன் சால்வை அதன் மேல் இருக்கிறது.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். அரங்கம் நிறைந்திருந்தது. பதினைந்து நிமிடம்தான். நேரம் முடிகிறது என்று மஞ்சள் அட்டையைத் தூக்க ஓர் ஆளை எனக்கு எதிரிலேயே உட்கார வைத்திருந்தார்கள். முதலில் வித்தியாசம் இல்லை என்றேன், அந்தப் படத்தையும் காட்டினேன். ஹெல்கா அம்மையார் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு, "நாங்கள் ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டோம்" என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டேன். தாய்வீடு எது? அதன்படி பிரித்த படம். அரங்கத்தில் கிர்கிஸ்காரர்கள், கஜக்குகள், தாஜிக்குகள் எல்லாரும் ஒரே நேரத்தில் "அடடா" என்றார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காதில் கருவி மாட்டியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

ஹெல்கா அம்மையார் எழுந்தார். மோசமான மனுஷி இல்லை அவர், அதையும் சொல்லிவிடுகிறேன். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்படின்னா விதிய மீறியிருக்காங்க. எந்த ஊரு, எந்த வீடுன்னு எங்களுக்குத் தெரியணும்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

மஞ்சள் அட்டைக்காரர் அட்டையைத் தூக்க மறந்துவிட்டார். அப்போது பின்வரிசையில் கோரோகிலிருந்து வருவாரே, பெரிய மீசை, போன வருட விருந்தில் நம்மைப் பாடச் சொல்லி உயிரை எடுத்தவர், அவர் எழுந்தார். "அம்மா, உங்கம்மா உங்களுக்கு ஜாம் பாட்டில் குடுத்தனுப்புறது இல்லையா?" என்றார். அரங்கமே சிரித்தது. ஹெல்கா அம்மையார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அனுப்புவாங்க. ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் அனுப்புவாங்க. ஆனா அந்த ஜாமுக்கு நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

காபி நேரத்தில் என்னைத் தேடி வந்தார். பொடி வேலை செய்கிறது என்று தனக்குப் புரிகிறது, மேலே பேசுகிறேன் என்றார். என்ன முடிவு வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அதற்கு மேல் ஒன்று. விவரத்தை முழுசாகக் கொடுக்க மறுத்த ஆளிடம் அடுத்த மதிப்பீட்டைக் கொடுக்க அவர்கள் அமைப்பில் வழியில்லை. அதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அந்த மட்டில் மரியாதை. ஆக, பொடி தொடர்ந்தாலும் அதில் நான் இல்லை. பத்து வருடம் பழகிய இடம். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ இருந்திருந்தால் மூக்கைச் சிந்தடி என்று துண்டை எறிந்திருப்பாய்.

மிர்குலைப் பற்றி. கொடுக்காதே என்று நான் சொன்னது சரிதான். உன் கையால் கொடுத்திருந்தால் இன்று அந்த அரங்கத்தில் எனக்கு நிற்க இடமே இருந்திருக்காது. ஆனால் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒரு வரி எழுதிவிட்டு அல்மாத்தியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசலில் நின்று பையை மூடிக்கொண்டு திரும்பி வந்தது நீ. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

ஓர் ஊரின் பெயரும் என் வாயிலிருந்து வரவில்லை. அதனால் எழுதலாம் என்று எழுதுகிறேன். நீ எழுதுவாயா என்று தெரியவில்லை.

உன்,
கூல்ஷாரா

சால்வையை உன்னிடம் சேர்க்கச் சொல்லி மீசைக்காரரிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு கொடுக்கவில்லை. நீயே வந்து வாங்கிக்கொள்.


நரின்,
19 பிப்ரவரி 2012

என் அன்புள்ள கூல்ஷாராவுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. உன் கடிதம் வந்த அன்றே கோபம் போய்விட்டது. கையில் நல்ல செய்தி ஒன்று இல்லாமல் உனக்கு எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். நீ எனக்காக அங்கே வேலையை இழந்துவிட்டு வந்திருக்கிறாய், நான் வெறுமனே "நலம், நலமறிய ஆவல்" என்றா எழுதுவேன்?

இப்போது கேள். பொடி தொடர்கிறது. எட்டு ஊருக்கு இல்லை, பதினாறு ஊருக்கும். ஹெல்கா அம்மையார் சொன்னபடி பேசியிருக்கிறார். பெட்டியின் மேல் இப்போது பெரிய எழுத்தில் "இந்தக் குழந்தைக்கு மட்டும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒப்பீட்டுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் புதிதாக ஊர்கள் எடுத்திருக்கிறார்கள். உன் இடத்துக்குத் தலைநகரிலிருந்து ஒரு பையன் வந்தான், கெட்டிக்காரன், காலில் நகரத்துச் செருப்பு. அவன் கேள்வித்தாளில் முதல் கேள்வியாகத் தாய்வீடு எது என்று எழுத வைத்துவிட்டுத்தான் அவனுக்குத் தேநீரே ஊற்றினேன். பாக்திகுலின் தங்கையைக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

போன வாரம் மேல்கோடி ஊருக்கு முதல் பெட்டிகள் போயின. பனி முழங்கால் வரை. நானே போனேன், வேறு யாரையும் அனுப்ப மனசு வரவில்லை. மிர்குல் வரிசையின் கடைசியில் நின்றாள். பெக்தூர் இன்னும் இடுப்பில்தான். பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நாங்கள் தேநீர் குடித்துக் கிளம்புகிற நேரம். பனியில் ஓடி வந்தாள், தலையில் முக்காடு இல்லை. பொட்டலங்களைப் பாதியாகப் பிரித்து ஒரு சுத்தமான துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தாள்.

"என்னடி இது?"

"பாதிக்கா."

"யாருக்கு?"

"தெரியலக்கா. எல்லாரும் பாதிய யாருக்காவது அனுப்புறாங்க. எனக்கு அண்ணன் தம்பியும் இல்ல, கட்டிக் குடுத்த தங்கச்சியும் இல்ல. நான் யாருக்கு அனுப்பணும்? நீங்க சொல்லுங்க, அனுப்பிடறேன்."

கூல்ஷாரா, தெரிந்த நாளிலிருந்து இந்தப் பெண்கள் விதியை மீறுவதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தவள் நான். அந்த விதியை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். முடிச்சை அவள் கையிலேயே திரும்ப வைத்து மூடினேன். "முழுசும் உன் பிள்ளைக்குத்தான்டி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செப்டம்பரில் வருகிறேன். யார் கூப்பிட்டாலும், யார் கூப்பிடாவிட்டாலும் நீயும் வர வேண்டும். உனக்கு மேடை இல்லாவிட்டால் பின்வரிசையில் மீசைக்காரர் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்வோம். ஜன்னல் பக்கக் கட்டிலில் நீயே படுத்துக்கொள். சால்வையையும் நீயே வைத்துக்கொள்.

உன்,
உல்ஜான்